எரிஞ்ச கடையைக் கூட்டாதேங்கோ: யாழ்ப்பாணத்துக் கடை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான முதலாளிமாருக்கு, கடையில நிக்கிற அண்ணைமார் அக்காமார் எல்லாருக்கும்,

போன வருசம் ஒரு நாள் மத்தியானம் நான் கல்லுண்டாய் குப்பை மேட்டில ஒரு கம்பியோட நிண்டனான். மண்டை பிளக்கிற வெயில், காகம், மாடு, நாய், அந்த மணத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் தேடினது ஒரு மல்ரி பிளக். முழுசாக் கூட வேண்டாம், உருகிக் கட்டிபட்ட வெள்ளைப் பிளாஸ்ரிக்குக்குள்ள ரெண்டு மூண்டு பித்தளைத் தகடு கிடைச்சாக் காணும் எண்டுதான் கிண்டிக்கொண்டு நிண்டனான். அண்டைக்கு விடியப்புறம் எரிஞ்ச ஒரு புடவைக்கடையில, கவுண்டருக்குக் கீழ அது கிடந்தது எண்டு அங்க வேலை செய்யிற பிள்ளை சொன்னவ. நான் கடையடிக்குப் போகேக்க பத்தரை மணி இருக்கும், கடை சுத்தமா இருந்தது. எரிஞ்ச கடை எவ்வளவு சுத்தமா இருக்கேலுமோ அவ்வளவு சுத்தம். நிலம் கழுவியாச்சு, வாய்க்காலில தண்ணி கறுப்பா ஓடுது, நாலு பெடியள் தும்புத்தடியோட நிக்கினம், முதலாளி ஐயா வாசலில கதிரை போட்டு இருந்துகொண்டு "வாங்கோ தம்பி, வந்து பாருங்கோ" எண்டார். என்னத்தைப் பாக்கிறது? பாக்க வேண்டினது எல்லாம் ரக்டர் பெட்டியில ஏறிப் போட்டுது.

கல்லுண்டாயில ரெண்டு மணித்தியாலம் கிண்டியும் கிடைக்கேல்லை. அடுத்த நாள் பேப்பரில, "மின் ஒழுக்கே தீ விபத்துக்குக் காரணம் எனத் தெரிய வருகிறது" எண்டு வந்தது. ஆருக்குத் தெரிய வந்தது எண்டு நானும் ரெண்டு மூண்டு பேரிட்டக் கேட்டுப் பாத்தன், ஒருத்தருக்கும் தெரியேல்லை.

நான் ஆரெண்டா, கொக்குவில் ஆள். தீ பாதுகாப்புப் பொறியியல் என்ர தொழில், கட்டாரில பதினொரு வருசம் பெரிய கட்டடங்களுக்கு அலாரம், ஸ்பிறிங்ளர், பம்ப், தப்பிப் போற படி எண்டு கீறிக் குடுத்துக்கொண்டு இருந்தனான், இப்ப ஊரோட வந்திட்டன். எங்கட தொழிலெண்டா எரியாமல் பாக்கிறதுதான் எண்டு சனம் நினைக்குது. அது அரைவாசி. மற்ற அரைவாசி எரிஞ்ச இடத்துக்குப் போய், முழங்காலில இருந்து, சாம்பலைக் கரண்டியால விலத்தி விலத்தி, எங்க தொடங்கினது ஏன் தொடங்கினது எண்டு தேடுறது. அந்தப் பதில் இல்லாமல் அடுத்த கடைக்கு என்ன பாதுகாப்புச் சொல்லுறது? நோய் என்னெண்டு தெரியாமல் மருந்து குடுக்கிற மாதிரித்தான்.

கூட்டினதுக்காக அந்த ஐயாவில எனக்குக் கோவம் இல்லை, மெய்யாத்தான் சொல்லுறன். எங்கட ஊரில கடை எரியிறதெண்டா செத்தவீடு மாதிரி, சனம் வந்து வந்து பாத்திட்டுப் போகும், "கண் பட்டிட்டுது" எண்டும், "கடன் கூடிப்போச்சாம்" எண்டும் ரெண்டு கதையையும் ஒரே வாயால கதைக்கும். அந்தக் கறுப்பைக் கண்ணில படாமல் ஆக்கினாத்தான் அந்த மனுசனுக்குத் தலை நிமிரலாம். அதோட நல்லூர்க் கொடியேத்தத்துக்கு மூண்டு கிழமைதான் கிடந்தது, சீசன் வியாபாரம், லோன் எடுத்துப் போட்ட சரக்கு. எனக்கு அதெல்லாம் விளங்குது. ஆனா அண்டைக்குக் கழுவி ஊத்தினது கரியை மட்டுமில்லை.

இந்த மின் ஒழுக்கு எண்ட சொல்லைக் கொஞ்சம் பாப்பம். ஒழுகுறது எண்டா, போக வேண்டிய பாதையை விட்டிட்டு வேற பாதையால கரண்ட் நிலத்துக்கு இறங்கிறது. குளிக்கிற இடத்துச் சுவர் கை வைச்சாச் சுள்ளெண்டும் பாருங்கோ, அது ஒழுக்கு. அதைப் பிடிக்கத்தான் ரிப் சுவிச், போற கரண்டும் வாற கரண்டும் ஒண்டா எண்டு பாத்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தா டப்பெண்டு விழுத்திப்போடும். சோட் ஆகிறது வேற, லைனும் நியூட்ரலும், அதாவது கரண்ட் வாற கம்பியும் திரும்பிப் போற கம்பியும், நேர முட்டுறது. ஓவர்லோட் வேற, வயர் தாங்கிற அளவை விடக் கூட இழுக்கிறது. லூஸ் கனெக்சன் இன்னும் வேற. இது நாலுக்கும் எங்கட பேப்பரில ஒரே பேர்தான், சில நேரம் சாமி விளக்கால பிடிச்ச தீக்கும் அதே பேர்தான். ஒழுக்காலயும் தீப் பிடிக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் பாத்த மட்டில உங்கட கடையளில ஆகலும் பயப்பட வேண்டினது அந்தக் கடைசி ஆள், லூஸ் கனெக்சன்.

ஏனெண்டு சொல்லுறன். கடையில ரீ போட ஒரு கேத்தில் வைச்சிருப்பியள், 2000 வாற் எண்டு வைப்பம். எங்கட 230 வோல்ற்றில அது ஒரு 8.7 அம்பியர் இழுக்கும். அதைச் சொருகிற மல்ரி பிளக்குக்குள்ள பித்தளை நாக்கு தளர்ந்து போய், பின் அரைகுறையாத் தொட்டுக்கொண்டு இருக்குது, அந்தத் தொடுகையில அரை ஓம் தடை எண்டு கணக்குப் பாருங்கோ. 38 வாற் வெப்பம் ஒரு பயறு அளவு இடத்தில இறங்குது. ரேடியோ திருத்திற கடையில ஈயம் உருக்கிற சோல்டரிங் அயன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் நாலு தரம் அதுக்குள்ள சோல்டரிங் அயனைக் கொழுவி எடுக்கிற மாதிரி, பிளாஸ்ரிக் காய்ஞ்சு மஞ்சளாகிப் பேந்து மண்ணிறமாகிக் கரியாகும், பித்தளை கறுத்தாத் தடை இன்னும் கூடும், சூடும் கூடும். இதில கொடுமை என்னெண்டா ரிப் சுவிச்சுக்கு இது தெரியவே தெரியாது. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருது, ஒழுக்கு இல்லை. பிரேக்கருக்கும் தெரியாது, 8.7 தானே போகுது, அது நியாயமான கரண்ட். "ரிப் சுவிச் நல்லது போட்டனான் தம்பி, எப்பிடித் தீப் பிடிக்கும்" எண்டு கேக்கிற ஆக்கள் எல்லாருக்கும் இதுதான் பதில். எங்கட உப்புக்காத்தில பித்தளை பச்சை பூத்துப்போற வேகத்தையும் சேத்துக்கொள்ளுங்கோ.

இதுக்குள்ள நியூட்ரல் கதையும் ஒண்டு கிடக்கு, கெதியாச் சொல்லிப்போட்டு விடுறன். மூண்டு பேஸ் கரண்ட் எடுத்த கடையில நியூட்ரல் கழண்டா, 230 வர வேண்டிய இடத்தில 400 க்குக் கிட்ட வரலாம். "கரண்ட் கூடி வந்து சாமானெல்லாம் போட்டுது" எண்டு சொல்லுவினம் பாருங்கோ, அதில கனக்க இந்தக் கேஸ்தான். அப்பிடி எரிஞ்ச இடத்தில பக்கத்துக் கடையின்ர பல்ப்பும் போயிருக்கும், அதைக் கேட்டு எழுதி வைக்காட்டி ரெண்டு நாளில ஆருக்கும் ஞாபகம் இருக்காது.

சரி, எரிஞ்ச இடத்தில செம்பு வயர் நுனியில ஒரு குண்டுமணி இருக்கு எண்டு வைப்பம், சின்ன உருண்டை, மினுங்கும். அதைக் கையில எடுத்து "இஞ்ச பாருங்கோ, சோட் ஆகியிருக்கு, இதுதான் காரணம்" எண்டு சொல்லாத எலக்ரீசியனை நான் இன்னும் காணேல்லை. அவர் சொல்லுறதில பாதி சரி, அந்தக் குண்டுமணி ஆர்க்கால, அதாவது கரண்ட் காத்தால பாஞ்சு அடிக்கிற பொறியால, வந்ததுதான். செம்பு உருக 1085 பாகை வேணும், தீயில நிண்டு உருகின வயரெண்டா நீளத்துக்கு மெலிஞ்சு வழிஞ்சு போயிருக்கும், ஆர்க் எண்டா ஒரு புள்ளியில மட்டும் உருகிப் பக்கத்தில வயர் அப்பிடியே புதுசு மாதிரி இருக்கும், அதை அனேகமாக் கண்ணாலயே பிரிக்கலாம். ஆனா மற்றப் பாதி? கரண்ட் இருக்கேக்க வேற எங்கயோ தொடங்கின தீ வந்து வயரின்ர தோலைத் திண்டாலும் ரெண்டு கம்பியும் முட்டி அதே குண்டுமணிதான் வரும். சோட் ஆனதால தீப் பிடிச்சதா, தீப் பிடிச்சதால சோட் ஆனதா எண்டு அந்தக் குண்டுமணி தனிய நிண்டு சொல்லாது. அது எந்த வயரில, மெயின் போர்ட்டில இருந்து எவ்வளவு தூரத்தில, அதுக்குப் பிறகு இருக்கிற வயரில வேற குண்டுமணி இருக்கா எண்டு எல்லாத்தையும் ஒண்டா வைச்சுப் பாக்க வேணும். ஒரு லைனில ரெண்டு இடத்தில ஆர்க் அடிச்சு வயர் அறுந்திருந்தா, போர்ட்டுக்குத் தூரத்தில இருக்கிறது அனேகமா முதல் வந்தது, ஏனெண்டா போர்ட்டுக்குக் கிட்ட முதல் அறுந்திருந்தா அங்கால கரண்டே போயிருக்காது. இவ்வளவு வடிவான சாட்சி, அதைச் சுருட்டிப் பழைய இரும்புக்காரனுக்குக் கிலோ விலைக்குக் குடுக்கிறியள்.

எங்களையே ஏமாத்திறதும் இருக்கு. சோகேசுக்கு அடிச்ச அலுமினியம் 660 பாகையில உருகி, கீழ கிடக்கிற செம்பு வயரில சொட்டினா ரெண்டும் கலந்து 548 பாகையிலயே உருகிற கலவை ஒண்டு வரும். வயர் நுனி திண்டுபோய்க் கிடக்கும், பாக்கிறவன் ஆர்க் எண்டு நினைப்பான். ஒருக்கா நானும் நினைச்சனான்.

மின் ஒழுக்கு இல்லையெண்டாச் சனத்திட்ட இருக்கிற மற்றப் பதில் "ஆரோ கொழுத்திப்போட்டாங்கள்". இதைப் பற்றிக் கதைக்கக் கொஞ்சம் கஷ்டமாத்தான் கிடக்கு. 1981 இல நூலகத்தை, 97,000 புத்தகத்தோட, கொழுத்தினதைப் பாத்த ஊர் இது. அந்தத் தீக்கு எங்க தொடங்கினது எப்பிடித் தொடங்கினது எண்டு ஒருத்தரும் முழங்காலில இருந்து தேட வேண்டி வரேல்லை, கொழுத்தினது எண்டு எல்லாருக்கும் தெரியும். அதாலயோ என்னவோ, எங்கட ஆக்களுக்குத் தீ எண்டா முதல் கேள்வியே "ஆர்" எண்டுதான் வருது, "எது" எண்டு வாறேல்லை. அதைப் பிழையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது, ஆனா ஒரு தளபாடப் பட்டறையில அந்தக் கேள்வியால ஒரு பெடியன்ர வாழ்க்கை போகப் பாத்தது.

வலிகாமப் பக்கம், இடம் சொல்லேல்லை. பின்னேரம் அஞ்சரைக்கு வேலை முடிஞ்சு பூட்டினவை, இரவு பதினொரு மணிக்கு எரியுது. அண்டைக்கு மத்தியானம் சம்பளக் காசில ஒரு பெடியனுக்கும் முதலாளிக்கும் வாய்த்தர்க்கம், அவன் "பாப்பம்" எண்டு சொல்லிப்போட்டுப் போனவனாம். அந்த ஒரு சொல் காணும். அதோட தின்னர் மணந்தது, நிலத்தில ஊத்தின மாதிரிக் கறுப்பு வளைஞ்சு வளைஞ்சு கிடந்தது, ஊர் தீர்ப்பு எழுதிட்டுது. நல்ல காலம், கூரைச் சீற் விழுந்து கிடந்ததால ஆரும் உள்ள போகப் பயந்து, ரெண்டு நாள் அப்பிடியே விட்டவை. நான் போய்ச் சீற்றைத் தூக்குவிச்சு, மேல இருந்து ஒவ்வொரு அடுக்கா எடுத்தன். பொலிஷ் போடுற மேசைக்குப் பக்கத்தில ஒரு மூலையில, பலகை நிலத்தில ஒரு சட்டி அளவு குழி எரிஞ்சு இறங்கியிருந்தது, சுத்திவர இருந்த பலகை மேலால மட்டும்தான் கரி. குழிக்குள்ள துணிச் சாம்பல் ஒரு கட்டியா, அதை மெதுவா உடைச்சுப் பாத்தா வெளிப்பக்கத்தில துணியின்ர நெசவு இன்னும் தெரியுது, நடுவில ஒண்டுமே மிச்சமில்லை, வெறும் வெள்ளைத் தூள். வெளியால இருந்து கொழுத்தினதெண்டா வெளிப்பக்கம்தான் முதல் போயிருக்க வேணும். இது உள்ளுக்க இருந்து எரிஞ்சு வந்தது.

அவை பொலிஷுக்கு லின்சீட் எண்ணெய் கலக்கிறவை. அந்த எண்ணெய் காயிறது எண்டா தண்ணி காயிற மாதிரி இல்லை, காத்தில இருக்கிற ஒட்சிசனோட சேந்து இறுகிறது, சேரேக்க சூடு வரும். துணியைக் கொடியில விரிச்சு விட்டா அந்தச் சூடு காத்தோட போடும். சுருட்டி மூலையில குவிச்சு எறிஞ்சா நடுவில இருக்கிற சூடு வெளிய போக வழியில்லை, சூடு கூடக் கூட இன்னும் வேகமாச் சேரும், மணித்தியாலக் கணக்கில உள்ளுக்கயே வெந்து கடைசியில தன்பாட்டில பிடிக்கும். நெருப்புக்குச்சியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், கோவிச்சுக்கொண்டு போன பெடியனும் வேண்டாம். தின்னர் மணந்தது எண்டா, பட்டறையில தின்னர் இல்லாமல் வேற என்ன மணக்கும்? நிலத்தில வளைஞ்சு கிடந்த கறுப்பு, மேல இருந்த பிளாஸ்ரிக் உருகிச் சொட்டி எரிஞ்ச தடம். முதலாளி நேர்மையான மனுசன், நான் காட்டினதைப் பாத்திட்டுக் கொஞ்ச நேரம் கதைக்கேல்லை, பேந்து தானே பொலிசுக்குப் போய்ச் சொன்னவர். பெடியன் இப்ப வவுனியாவில வேலை செய்யிறான் எண்டு கேள்வி.

அந்தப் பெடியனுக்கு இப்பிடி முடிஞ்சது. அமெரிக்காவில டெக்சாசில ஒருத்தருக்கு இப்பிடி முடியேல்லை. கமரன் ரொட் வில்லிங்கம் எண்டு பேர், 1991 மார்கழியில வீடு எரிஞ்சு மூண்டு பெண்பிள்ளையள் செத்துப் போச்சினம், தேப்பன்தான் கொழுத்தினவர் எண்டு தீர்ப்பு. சாட்சியா என்ன சொன்னவை தெரியுமோ? நிலத்தில ஊத்தின மாதிரித் தடம். யன்னல் கண்ணாடியில சிலந்தி வலை மாதிரி வெடிப்பு, பெற்றோல் மாதிரி ஏதோ ஊத்திச் சடாரெண்டு சூடாகினாத்தான் அப்பிடி வெடிக்கும் எண்டு அந்தக் காலத்து நம்பிக்கை. அதே 1991 இல கலிபோர்னியாவில ஓக்லண்ட் மலைப்பக்கம் பெரிய காட்டுத்தீயில வீடுகள் எரிஞ்சது, ஒருத்தரும் பெற்றோல் ஊத்தாத அந்த வீடுகளிலயும் அதே வெடிப்பு இருந்ததை ஆராய்ச்சிக்காரர் கண்டவை. பேந்து பரிசோதிச்சுப் பாத்தா, சூடான கண்ணாடியில தீயணைக்கிற தண்ணி பட்டு சடாரெண்டு குளிர்ந்தா வாற வெடிப்பு அது. வில்லிங்கத்துக்கு 2004 இல மரண தண்டனை நிறைவேத்திப் போட்டினம். அந்தச் சாட்சியளுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையெண்டு தீ ஆராய்ச்சி நிபுணர்மார் எழுதினது கிடக்கு, ஆள் இல்லை.

இதைச் சொல்லுறது எங்கட ஆக்கள் முட்டாள், வெளிநாட்டுக்காரன் கெட்டிக்காரன் எண்டு காட்ட இல்லை, மறுவளமாத்தான். 2005 இல லாஸ் வேகாசில ஒரு பரிசோதனை செய்தவை, ரெண்டு அறையைத் தளபாடத்தோட எரிச்சு, அறை முழுக்க ஒரே நேரத்தில பத்திப் பிடிக்கிற கட்டம் தாண்டி ஒரு ரெண்டு நிமிசம் எரிய விட்டு அணைச்சுப்போட்டு, 53 தீ ஆராய்ச்சிக்காரரைக் கூப்பிட்டு எந்தக் கால்வாசியில தொடங்கினது எண்டு கேட்டவை. ஒரு அறையைச் சரியாச் சொன்னது 3 பேர். மற்ற அறையையும் 3 பேர்தான். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியிருந்தாலே நாலில ஒருத்தர் சரியாச் சொல்லியிருப்பினம். சுவரில இருக்கிற கரித் தடத்தை மட்டும் பாத்துச் சொல்லப் போனா அதுதான் கதி. அதாலதான் வயரும் பிளக்கும் சாம்பல் அடுக்கும், ஆர் என்னத்தைக் கண்டது எண்டதும் எல்லாம் சேந்து வேணும் எண்டு நான் கெஞ்சுறது. அமெரிக்காவில என்.எஃப்.பி.ஏ. 921 எண்டு தீ ஆராய்ச்சிக்கு ஒரு வழிகாட்டி 1992 இல இருந்து இருக்கு, அதின்ர அடிப்படையே தரவு முதல், முடிவு பிறகு. ஆதாரம் காணாட்டி "தீர்மானிக்க ஏலேல்லை" எண்டு எழுது எண்டும் அது சொல்லுது. அந்த வசனத்தை எங்கட பேப்பரில நான் ஒருக்காலும் கண்டதில்லை. இதை வாசிக்கிற பத்திரிகைத் தம்பிமாருக்கும் சேத்துத்தான் சொல்லுறன், "காரணம் இன்னும் தெரியவில்லை" எண்டு எழுதினா ஒருத்தரும் உங்களைக் குறைவா நினைக்க மாட்டினம்.

தேடிக் கண்டுபிடிச்சா என்ன வித்தியாசம் வரும் எண்டு கேக்கிறியள். 2021 கடைசியில வீடுவீடாக் காஸ் அடுப்பு வெடிச்ச நேரம் ஞாபகம் இருக்கோ, குசினிக்குள்ள போகப் பயந்து திரும்ப விறகு எரிச்ச ஆக்கள் எத்தினை பேர். முதல் என்ன கதைச்சவை? ரெகுலேற்றர் பிழை, குழாய் பிழை, பெண்டுகளுக்குக் காஸ் பாவிக்கத் தெரியேல்லை. குழு போட்டு ஆராய்ஞ்சாப் பிறகுதான் சிலிண்டருக்குள்ள புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கிற விகிதத்தை மாத்தினதுதான் முக்கிய காரணம் எண்டு வந்தது. புரொப்பேன் கூடினா அமுக்கம் கூடும், பழைய கனெக்சன் தாங்காது. அந்தப் பதில் வந்திருக்காட்டி இண்டைக்கும் பெண்டுகளில்தான் பிழை.

லண்டனில உங்கட சொந்தக்காரர் இருப்பினம், கிரென்ஃபெல் கட்டடத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ. 2017 ஆனி 14, நாலாம் மாடியில ஒரு குசினியில பிரிஜ்ஜில தொடங்கின தீ. பிரிஜ் எரியிறது உலகத்தில நடக்கிற விசயம், ஒரு குசினியோட முடிஞ்சிருக்க வேணும். வெளிச்சுவரில ஒட்டின அலங்காரப் பலகையால கட்டடம் முழுக்க ஏறி 72 பேர் செத்தவை. எங்க தொடங்கினது எண்டதோட ஏன் அவ்வளவு தூரம் போனது எண்டதும் வேணும் எண்டு விசாரணைக் குழு 2024 புரட்டாதியில கடைசி அறிக்கை குடுக்கும் வரைக்கும் ஏழு வருசம் இருந்து பாத்தவை. நாங்கள் ஏழு மணித்தியாலத்தில தும்புத்தடி எடுக்கிறம். கும்பகோணத்தில 2004 ஆடியில பள்ளிக்கூடம் எரிஞ்சு 94 பிள்ளையள் போனதும் அப்பிடித்தான், சமையல் இடத்து நெருப்பு, மேல ஓலைக் கூரை. உங்கட கடையில கூரையின்ர இடத்தில என்ன இருக்கு எண்டு அண்ணாந்து பாருங்கோ: சீலிங்குக்கு மேல அடுக்கின அட்டைப்பெட்டி, பழைய சீசன் சரக்கு, அதுக்கு நடுவால ஓடுற வயர். பின்கதவில உள்ளால பூட்டு, துறப்பு முதலாளியின்ர பொக்கெற்றில.

சரி, இப்ப நான் கேக்கிறதைக் கேக்கிறன். எரியக்கூடாது, நல்லூர்க் கந்தன் காப்பாத்தட்டும், ஆனா எரிஞ்சா, தீயணைப்புப் பிரிவு அணைச்சு முடிச்சாப் பிறகு கடையைப் பூட்டுங்கோ, சட்டர் வளைஞ்சிருந்தா ஒரு கயிறு கட்டி ஒரு ஆளை நிப்பாட்டுங்கோ. சட்டரைப் பெயின்ற் அடிக்காதேங்கோ, அதில வெளுத்த இடமும் கறுத்த இடமும் எங்கட மொழியில எழுத்து. ஆராவது காயப்பட்டதெண்டாலோ சுவர் விழப் பாத்தாலோ அது வேற, உயிர்தான் முதல், தேவையானதைத் தள்ளுங்கோ, தள்ள முதல் போனில படம் எடுங்கோ. நாலு மூலையில இருந்தும் எடுங்கோ, நிலம், சுவர், சீலிங், மெயின் போர்ட். போர்ட்டில எந்தச் சுவிச் விழுந்து கிடக்கு எண்டு கிட்டத்தில வைச்சு ஒரு படம், அதுக்குப் பிறகும் அதை ஆரும் தட்ட வேண்டாம், மின்சார சபைக்குச் சொல்லி வெளியால கரண்டை வெட்டுவிக்கலாம். நான் போற இடமெல்லாம் ஆரோ ஒரு ஆர்வக் கோளாறு போய் எல்லாச் சுவிச்சையும் கீழ இறக்கி வைச்சிருக்கும், அதோட ஒரு சாட்சி போட்டுது. கமரா ரெக்கோடரைக் கழட்டி எடுத்து வையுங்கோ, எரிஞ்சிருந்தாலும் உள்ள இருக்கிற டிஸ்க் சில நேரம் தப்பியிருக்கும், அதின்ர மணிக்கூடு எவ்வளவு பிந்தி ஓடுறது எண்டு ஞாபகம் இருந்தா எழுதி வையுங்கோ. முதல் புகையைக் கண்டது ஆர், எந்தப் பக்கத்தில, என்ன நிறம், பூட்டேக்க கடைசியா நிண்டது ஆர், சாமிப்படத்து விளக்கை அணைச்சதோ, நுளம்புத்திரி கொழுத்தினதோ. நுளம்புத்திரி ஏழெட்டு மணித்தியாலம் நிண்டு எரியும், அட்டைப்பெட்டியில விழுந்தாச் சுவாலை இல்லாமல் கனலா இருந்துபோட்டு நீங்கள் வீட்டில சோறு தின்னேக்க பிடிக்கும். எலி எண்ணெய்த் திரியை இழுத்துக்கொண்டு போற கதையைச் சிரிக்காதேங்கோ, நடக்கிறதுதான்.

ஆரோ ஊத்தினது எண்டு சந்தேகம் இருந்தா அந்த இடத்துச் சாம்பலைப் பொலிஸ் எடுக்கட்டும், அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகட்டும். ஆனா சொப்பிங் பாக்கில கட்டிக் குடுக்காதேங்கோ, பெற்றோல் ஆவி அதுக்குள்ளால போடும். ஒண்டும் ஊத்தாத புதுப் பெயின்ற் ரின் நல்லம், மூடி இறுக்கமா. சந்தேகம் இல்லாத இடத்தில இருந்தும் ஒண்டு எடுக்கச் சொல்லுங்கோ, ஒப்பிட்டுப் பாக்க அதுவும் வேணும். ஜெனரேற்றர் வைச்சிருக்கிற கடையெண்டா அணைக்கேக்க அதை அங்க இஞ்ச இழுத்துத் திரியாதேங்கோ, அது சிந்தின பெற்றோலால நாளைக்கு நீங்களே கொழுத்தினதா வந்து நிக்கும். இன்சூரன்ஸ் காசுக்கும் இதெல்லாம் உதவும், வெறும் கையோட போய் "ஒழுக்கு" எண்டு நிக்கிறதிலும் பாக்க.

மாநகர சபை ஐயாமாருக்கும் ஒண்டு. நகருக்குள்ள எரியிற ஒவ்வொரு கடைக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கோ, எங்க தொடங்கினது, முதல் எரிஞ்ச பொருள் என்ன, சூடு எங்க இருந்து வந்தது, தெரியாட்டித் தெரியாது எண்டு. அஞ்சு வருசத்துத் தாளை ஒண்டா அடுக்கிப் பாத்தா கஸ்தூரியார் வீதிக் கடையளில என்ன பிழை திரும்பத் திரும்ப வருது எண்டு ஒரு மத்தியானத்தில கண்டுபிடிக்கலாம்.

அந்தப் புடவைக்கடை திரும்பத் திறந்திட்டினம். கொடியேத்தத்துக்கு ரெண்டு நாள் முன்னம், வாழை கட்டி, குத்துவிளக்கு வைச்சு, நானும் போனனான். ஐயா வெள்ளை வேட்டியோட வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் ரைல்ஸ், லைற் எல்லாம் காட்டினவர், "வயறிங் எல்லாம் புதுசு தம்பி, மின் ஒழுக்கு இனி வராது" எண்டார். பிள்ளை பால் ரீ கொண்டந்து தந்தவ. ரீயைக் குடிச்சுக்கொண்டு குனிஞ்சு கவுண்டருக்குக் கீழ பாத்தன். வெள்ளை மல்ரி பிளக், நாலு ஓட்டை. ஒண்டில கேத்தில், ஒண்டில பில் மெசின், ஒண்டில போன் சார்ஜர், மற்றதில மேசைப் பான், பக்கத்தில சொப்பிங் பாக் கட்டு. கேத்தில் பிளக்கில கை வைச்சுப் பாத்தன், இளஞ்சூடு. திறந்து ரெண்டு மணித்தியாலம் ஆகேல்லை. நான் ஒண்டும் கதைக்காமல் அதைக் கழட்டிச் சுவர்ச் சொக்கெற்றில நேர சொருகிவிட்டிட்டு வந்தன், நல்ல நாளில என்னத்தைச் சொல்லுறது.

இப்ப சொல்லுறன். உங்கட அடுத்த சங்கக் கூட்டத்தில எனக்கு ஒரு இருபது நிமிசம் தாங்கோ. காசு வேண்டாம், மாலை பொன்னாடை வேண்டவே வேண்டாம். வேற வேற இடங்களில எடுத்து வைச்ச உருகின பிளக் பதினாறு என்னட்ட ஒரு பிஸ்கற் ரின்னுக்குள்ள கிடக்கு, அதைக் கொண்டுவாறன், கையில எடுத்துப் பாருங்கோ. பாத்திட்டுப் போய் உங்கட கவுண்டருக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ.

இப்படிக்கு,
கொக்குவிலில இருந்து ஒரு தீ பாதுகாப்புப் பொறியியலாளன்